உடம்புக்கு ஏற்ற வீணை: கீ, ஸ்டாண்டு, மெல்லிய தந்தி, பிக்கப் – எதற்குச் செலவு செய்யலாம்?

முழங்கால் அறுவை முடிந்து தரையில் உட்கார முடியாதவர், கட்டைவிரல் மூட்டு தேய்ந்து பிருடையை (தந்தியை முறுக்கும் மர முளை) திருக முடியாதவர், முடக்குவாதத்தில் விரல் வீங்கி இழுப்பு (தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை உயர்த்துவது) வராதவர் என்று யார் போய் நின்றாலும், வாத்தியக் கடையில் முதலில் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "கிடார் கீ வைத்துக் கொடுத்துவிடலாம்." பிருடைக்குப் பதில் வைக்கும் பல்சக்கரத் திருகிதான் கீ. பார்க்க நவீனமாக இருக்கும், செலவும் கணிசமாக வரும். ஆனால் வாசிக்கும்போது வரும் வலிக்கும் கீக்கும் சம்பந்தமே இல்லை. சுருதி சேர்க்கும் சில நிமிடங்களுக்கு மட்டும்தான் அது உதவும். மீதி ஒரு மணி நேரமும் விரலோடு மல்லுக்கு நிற்பது தந்தியின் இறுக்கம், முதுகோடு மல்லுக்கு நிற்பது உட்காரும் விதம். அதனால் கடைக்காரர் சொல்லும் வரிசையைத் தலைகீழாக்கி, துளை போடாமல் செய்யக்கூடிய மாற்றங்களிலிருந்து தொடங்குகிறோம்.

இங்கே பேசுவது 24 மெட்டும் (தண்டி என்னும் நீளக் கழுத்தின் குறுக்கே நிற்கும் உலோகக் கம்பிகள்) 7 தந்தியும் உள்ள வழக்கமான பலாமரத் தஞ்சாவூர் வீணையை வைத்து. சாரணி, அதாவது முதல் பிரதானத் தந்தி, 30 நம்பர் எஃகு (நம்பர் கூடினால் தந்தி மெலியும்), சுருதி 3 கட்டை என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீணையில் 29 நம்பர் இருந்தால் எண்கள் சற்று மாறும், போக்கு மாறாது.

தந்தியும் சுருதியும்

மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் இங்கேதான். 30 நம்பர் தந்தியின் விட்டம் 0.315 மி.மீ., 31 நம்பர் 0.295 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இறுக்கமோ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அதே சுருதியில் 12 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிடும். மேருவிலிருந்து (தலைப்பக்கத் தந்தித் தாங்கி) குதிரை (வயிற்றுப் பகுதியான குடத்தின் மேலுள்ள தந்தித் தாங்கி) வரை 33 அங்குலம் உள்ள வீணையில் 30 நம்பர் சாரணி 3 கட்டையில் ஏறத்தாழ 4.8 கிலோ இழுவிசையோடு நிற்கிறது. 31 நம்பர் போட்டால் அது 4.2 கிலோவுக்கு இறங்கும்.

சுருதியை 3 கட்டையிலிருந்து 2½ கட்டைக்கு, அதாவது அரைச் சுரம் இறக்கினாலும் கிட்டத்தட்ட அதே அளவு, 11 விழுக்காடு குறையும். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றில்லை. தந்தியை மெலிதாக்கினால் இழுக்கும் பலம் குறையும், இழுக்க வேண்டிய தூரம் அப்படியே இருக்கும். சுருதியை இறக்கினால் பலமும் குறையும், தூரமும் சற்றுக் குறையும். காரணம், அதே தந்தியில் இறுக்கம் குறைவாக இருந்தால், ஒரு மெட்டிலிருந்து மேல் சுரத்தைத் தொட அதை நீட்ட வேண்டிய அளவும் குறைவு. விரலில் பலம் இருக்கிறது, மடங்கத்தான் மறுக்கிறது என்பவருக்குச் சுருதி இறக்குவதே சரி. மடங்குகிறது, அழுத்தினால்தான் வலி என்பவருக்கு மெல்லிய தந்தி போதும். இரண்டையும் சேர்த்து 31 நம்பரை 2 கட்டையில் வைத்தால், அதே கமகத்துக்கு (சுர அசைவு) தேவையான பக்கவாட்டு விசை கணக்குப்படி 38 விழுக்காடு குறைகிறது. முடக்குவாதக்காரர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான்.

இதற்கும் விலை உண்டு. தளர்ந்த தந்தி அகலமாக ஆடும், மெட்டில் உரசி இரையும். ஓங்கி மீட்டினால் மீட்டிய கணத்தில் சுரம் சற்று ஏறி, பிறகு இறங்கும். 2 கட்டைக்குக் கீழே போனால் மந்தரம், அனுமந்தரம் என்ற கீழ்ச்சுரத் தந்திகள் இரண்டும் தொளதொளவென்று ஆகிவிடும், அங்கே ஒரு நம்பர் தடிமனாகப் போட்டுச் சமாளிக்க வேண்டும். அடுத்தது விரல். மெல்லிய தந்தி விரல் நுனியில் ஆழமாகப் பதியும். சர்க்கரை நோயால் விரல் நுனி மரத்தவர்கள் 31 நம்பருக்குப் போகவே வேண்டாம், வெட்டுப்பட்டது தெரியாமலே வாசித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு 30 நம்பரை வைத்துக்கொண்டு சுருதியை மட்டும் இறக்குவது பாதுகாப்பு. தேங்காய் எண்ணெய்ப் பஞ்சைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் பழைய வழக்கத்தை விடாதீர்கள். சிலிக்கான் விரலுறை விற்கிறார்கள், வாங்க வேண்டாம். சுரத்துக்குச் சுரம் வழுக்கிப் போகும் ஜாருவும் வராது, நாதமும் செத்துவிடும்.

ஒன்றைத் தவிர்க்க முடியாது: சுருதியை மாற்றியதும் மெட்டுகளைச் சரிபார்க்க வேண்டும். தந்தியை அழுத்தும்போது அது சிறிது நீள்கிறது, அதனால் சுரம் கொஞ்சம் ஏறுகிறது. இறுக்கம் குறைந்த தந்தியில் இந்த ஏற்றம் கூடுதல். மேல் ஸ்தாயியில் சுரம் கூர்மையாகக் கேட்டால் மேளம் (மெட்டுகளை மெழுகில் பதித்த அமைப்பு) கட்டியவரைக் குறை சொல்லாதீர்கள்.

மேளமும் குதிரையும்

தந்தி மெட்டுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் அழுத்தும் வலியைத் தீர்மானிக்கிறது. இதைக் குறைக்க இரண்டு வழி. குதிரையின் அடியைத் தேய்த்து இறக்கலாம், அல்லது மேளத்தை மறுபடி கட்டி மெட்டுகளை உயர்த்தலாம். நல்ல கைவினைஞர் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வார். குதிரையை மட்டும் இறக்கினால், அதன் மேலுள்ள பித்தளைத் தகட்டின் வளைவைத் திரும்பச் சரிசெய்து ஜீவா, அதாவது தந்தியின் ரீங்காரம், கொண்டுவர வேண்டும். அது தெரியாதவர் கையில் கொடுத்தால் வீணை தகர டப்பா மாதிரி ஒலிக்கும்.

எவ்வளவு இறக்கலாம்? ஒரே தடவையில் அரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். வேலைக்கு முன் 12ஆம் மெட்டிலும் 24ஆம் மெட்டிலும் தந்திக்கும் மெட்டுக்கும் உள்ள இடைவெளியை எஃகு ஸ்கேலால் அளந்து குறித்துவையுங்கள். அரை மில்லி இறக்கியதும் ஒவ்வொரு மெட்டிலும் ஐந்து சுரம் வரை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நேராக அழுத்தும்போது சுத்தமாக இருக்கும் மெட்டுகூட, பெரிய இழுப்பில் தந்தி அடுத்த மெட்டைத் தொட்டுச் சுரம் அடைபட்டுப் போகும். கடையில் நேராக மட்டும் மீட்டிக் காட்டி "பாருங்கள், சுத்தமாக இருக்கிறது" என்பார்கள். பெரிய இழுப்புகள் உள்ள தோடி ராகத்தை வாசித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

மெட்டுகள் உட்கார்ந்திருப்பது தேன்மெழுகும் குங்கிலியமும் கரித்தூளும் கலந்த மெழுகில். வெயிலில் பூட்டிய காரில் வைத்தால் இளகும், இளகினால் மெட்டு சாயும், அரை மில்லிக்குப் பட்ட பாடெல்லாம் வீண். இறக்கி அமைத்த வீணைக்கு இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் தவறுக்கு இடமே விடாமல் அமைத்திருக்கிறோம். மெழுகே வேண்டாம் என்பவர்களுக்கு பெங்களூரு ராடெல் நிறுவனத்தின் மின்னணு வீணை ஒரு வழி. மெட்டுகளுக்கு மெழுகு இல்லை, கழற்றி எடுத்துப் போகலாம். ஆனால் ஒலி பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் கருவி) வழியாக ஒலிபெருக்கியில் வருவது. பலாமரக் குடத்தின் நாதத்தைப் பழகிய காதுக்கு மனம் ஒப்பச் சில மாதங்கள் ஆகும்.

நாற்காலியும் ஸ்டாண்டும்

தரையில் உட்காரும்போது குடம் தரையிலும், தண்டிக்கு அடியில் மாட்டிய சுரைக்காய் இடது தொடையிலும் நிற்கிறது. நாற்காலிக்கு மாறினால் தொடை இருக்கிறது, தரை காணாமல் போகிறது. எனவே முதல் வேலை குடத்துக்கு ஒரு தரை. கை இல்லாத நாற்காலி, அதன் இருக்கை உயரத்திலேயே அல்லது ஓர் அங்குலம் தாழ்வாக ஒரு முக்காலி, அதன் மேல் துணியைச் சுருட்டிய தடித்த சும்மாடு. முக்காலியின் மேல்பலகை குடத்தின் அகலத்துக்குக் குறையக் கூடாது. இடது காலுக்குக் கீழே நாலு அங்குலப் பலகை ஒன்று. பலருக்கு இவ்வளவே போதும், செலவும் இல்லை.

தொடையில் எடையே ஏறக் கூடாது என்று மருத்துவர் சொன்னவர்களுக்கு, அல்லது இடுப்பு மாற்று அறுவை ஆனவர்களுக்கு ஸ்டாண்டு தேவை. சந்தையில் கிடைக்கும் எக்ஸ் வடிவக் கீபோர்டு ஸ்டாண்டைப் பலர் வாங்குகிறார்கள். எங்கள் மதிப்பீட்டில் தேறவில்லை. ஸ்டாண்டின் இரண்டு கைகளும் ஒரே உயரத்தில் இருக்கும், வீணைக்கோ குடப் பக்கம் தாழ்வாகவும் தண்டிப் பக்கம் உயரமாகவும் வேண்டும். குடத்தின் மேல் வலது முன்கையைச் சாய்த்தால் முழு ஸ்டாண்டும் முன்னால் ஆடும்.

வெல்டிங் பட்டறையில் ஓர் அங்குலச் சதுரக் குழாயில் செய்து வாங்குவதே மேல். அடியில் மூன்று கால், கால்களுக்கு இடையே குறைந்தது 18 அங்குலம், டைல்ஸ் தரைக்கு ரப்பர் ஷூ. குடத்துக்கு வளையம், அதன் உள்பக்கம் 10 மி.மீ. ஃபோம். தண்டிக்கு யூ வடிவக் கவட்டை. அதில் கம்பளித் துணி ஒட்டாவிட்டால் இரும்பு சேர்ந்து இரையும். இரண்டுக்கும் தனித்தனியாக உயரம் மாற்றும் போல்ட்டு.

இதில் எல்லோரும் தவறவிடும் இடம் கவட்டையை எங்கே வைப்பது என்பது. தண்டியின் நடுவில் வைத்தால் எடை சமமாக நிற்கும் என்று வெல்டர் சொல்வார். இடது கை தண்டிக்கு அடியிலிருந்து வளைந்து மெட்டுக்கு வருகிறது. நடுவில் கவட்டை இருந்தால் மத்திய ஸ்தாயியிலிருந்து கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டு அதில் இடிக்கும். சுரைக்காயைத் தாண்டி, தண்டி முனையிலுள்ள யாளித் தலைப் பக்கமாக வையுங்கள். இல்லையென்றால் சுரைக்காயைத் திருகிக் கழற்றிவிட்டு, அதே திருகில் பொருந்தும்படி ஒரு தாங்கியைச் செய்யச் சொல்லுங்கள். ஒலியில் அதன் பங்கு சிறிதுதான், கழற்றினால் எடையும் குறையும். வீணை அசையாமல் நிற்பதால் ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் பலம் குறைந்தவர்களுக்கும் இந்த இரண்டாவது அமைப்பே வசதி.

உயரத்தை அளப்பது இப்படி: தோளைத் தளர விட்டு, வலது முழங்கையை மடக்கினால் முன்கை தரைக்கு இணையாக வரும் அல்லவா, அந்த மட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே குதிரை இருக்கட்டும். தோள் இறுக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் இரண்டு அங்குலம் தாழ்த்துங்கள். தாழ்த்தினால் மெட்டைப் பார்க்கக் கழுத்தைக் குனிய வேண்டிவரும். தண்டியின் பக்கவாட்டில், வாசிப்பவர் கண்ணுக்குத் தெரியும் விளிம்பில், ஸட்ஜம், பஞ்சமம், மேல் ஸட்ஜம் மூன்றுக்கும் சின்ன வெள்ளைப் பொட்டு ஒட்டினால் குனிய வேண்டியதில்லை. பார்வை மங்கியவர்களுக்கும் இது உதவும். ஐந்து ரூபாய் வேலை, ஆனால் எந்தக் கடையிலும் தானாகச் செய்து கொடுப்பதில்லை.

சக்கர நாற்காலியில் வலது சக்கரம் குடத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குடத்தைச் சக்கரத்துக்கு முன்னால் தள்ளி வைத்தால் வீணை குறுக்காக நிற்காமல் சாய்ந்து நிற்கும். எனவே ஸ்டாண்டில் கவட்டை சுழலும்படி இருக்க வேண்டும், நாற்காலியின் கைப்பிடி கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். ஸ்டாண்டுக்கு ஆர்டர் கொடுக்கும்போது வீணையை மட்டும் கொண்டுபோனால் போதாது, நாற்காலியும் கூட வர வேண்டும்.

பிக்கப்

மெல்ல மீட்டினாலே கேட்க வேண்டும் என்பவர்களுக்கு இது நல்ல முதலீடு. வலது விரலில் பலம் குறைந்தவர்கள் மட்டுமல்ல, தந்தி இறக்கி நாதம் குறைந்த வீணைக்கும் இது ஈடு செய்யும். காந்தப் பிக்கப் எஃகை மட்டுமே கேட்கும். அனுமந்தரத்தில் பித்தளைத் தந்தி இருந்தால் அந்தத் தந்தி ஊமையாகிவிடும், வெண்கலம் சுற்றிய எஃகாக இருந்தால் அமுங்கிக் கேட்கும். "ஒரு தந்தி மட்டும் வேலை செய்யவில்லை, பிக்கப் பழுது" என்று திருப்பிக் கொண்டுபோகிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுவாகவே இருக்கும். எஃகில் நிக்கல் சுற்றிய தந்திக்கு மாற்றினால் சரியாகும்.

பலகையில் ஒட்டும் பீசோ (மரத்தின் அதிர்வை உணரும் வில்லை) எல்லாத் தந்தியையும் கேட்கும், மரத்தின் நாதத்தையும் கொஞ்சம் கொண்டுவரும். நேராக ஆம்ப்ளிஃபயரில் சொருகினால் மெலிந்து கீச்சென்று கேட்கும். 1 மெகா ஓம் உள்ளீடு உள்ள சிறிய பிரீஆம்ப் (முன்பெருக்கி) இடையில் வேண்டும். குதிரையை ஒட்டி வைக்காமல் ஒன்றிரண்டு அங்குலம் தள்ளி வைத்துப் பாருங்கள். வீட்டுப் பயிற்சிக்கு 10 வாட் ஆம்ப்ளிஃபயர் தாராளம்.

கடைசியாகக் கீ

பிருடையை உள்ளே அழுத்திக்கொண்டே திருக வேண்டும். கட்டைவிரல் அடிமூட்டு தேய்ந்தவர்களுக்கு அதைவிடக் கொடுமை இல்லை, அவர்களுக்குக் கீ நிஜமாகவே வரம். 18:1 விகிதக் கீயில் பதினெட்டுச் சுற்றுக்குத் தண்டு ஒரு சுற்றுத்தான் சுற்றும். இரண்டு விரலால் மெல்லத் திருப்பினால் போதும், வழுக்காது. 14:1 கீயும் வேலை செய்யும், விலையும் குறைவு, நுணுக்கம் கொஞ்சம் குறையும்.

கிடார் கீ ஒரு செட்டுக்கு ஆறு, பக்கத்துக்கு மூன்று. வீணைக்கு வேண்டியது ஏழு. பிருடைப் பெட்டியில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. பக்கவாட்டில் ஓடும் தாளத் தந்திகளுக்கு ஒரே பக்கத்தில் மூன்று. ஏழையும் மாற்ற இரண்டு செட் வாங்கி ஐந்தை வீணாக்க வேண்டும். பிரதான நான்கை மட்டும் மாற்றுங்கள். தாளத் தந்திகளுக்கு நல்ல சாக்கட்டி தடவிய பிருடையும், நுண்சுருதி சேர்க்க விரலால் நகர்த்தும் லங்கருக்குப் பதில் திருகும் லங்கரும் போதும்.

வேலை எப்படிச் செய்யப்படுகிறது என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பிருடைத் துளை ஒரு முனையில் அகலம், மறு முனையில் குறுகல். அதையே பெரிதாக்கிக் கீயைச் செருகினால் துளை முட்டை வடிவமாகி, கீ சில மாதத்தில் ஆடும். முதலில் பலாமரத்திலேயே ஆப்புச் சீவி ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பிறகு கீயின் புஷ் அளவுக்குப் புதிதாகத் துளையிட வேண்டும். பல கீக்களுக்கு அது 10 மி.மீ. தண்டின் துளை மேருவைவிடத் தாழ்வாக அமைய வேண்டும். உயரத்தில் அமைந்தால் தந்தி மேருவின் பள்ளத்தில் அழுந்தி உட்காராது, வெறும் தந்தியை மீட்டும்போது மட்டும் இரையும். அந்த இரைச்சலைத் தேடி மேளத்தை மறுபடி கட்டியவர்கள் உண்டு. கீயின் தண்டுத் துளை கிடார் தந்திக்கானது, 0.3 மி.மீ. தந்தி அதில் நழுவும். ஒரு முறை நுழைத்து, மடித்துப் பின்னி, ஐந்து ஆறு சுற்றுச் சுற்றினால்தான் பிடிக்கும்.

பழைய ஏகாண்ட வீணை, ஒரே மரத்தில் குடைந்தது, கையில் இருந்தால் அதில் துளையிடாதீர்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தொழில் இது. அப்படிப்பட்ட மரமும் கையும் இனிக் கிடைப்பது எளிதல்ல. அதற்குப் பதில் பிருடைத் தலையில் பொருந்தும் பள்ளத்தோடு ஐந்து அங்குலக் கைப்பிடியுள்ள மரத் திருகி ஒன்றைத் தச்சரிடம் செய்துகொள்ளுங்கள். உள்ளங்கையால் திருப்பலாம், கட்டைவிரலுக்கு வேலை இல்லை. ஒரே எச்சரிக்கை, கை நீளமானதால் கொஞ்சம் திருப்பினாலே சுருதி தாவிவிடும், சாரணி அறுந்து முகத்தில் அடிக்கும். சுருதியை முதலில் இறக்கி, பிறகு கீழிருந்து மேலே ஏற்றுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு.

இதெல்லாம் செய்தும் இழுப்பு வரவில்லை, விரல் மடங்கவே இல்லை என்றால் வீணையோடு போராட வேண்டியதில்லை. கோட்டுவாத்தியத்தில் மெட்டும் இல்லை, இழுப்பும் இல்லை. உருளையான கட்டையைத் தந்தி மேல் நகர்த்துவதிலேயே எல்லாக் கமகமும் வந்துவிடும். கட்டையைப் பிடிக்க உள்ளங்கை ஒத்துழைத்தால் போதும். மிதமான உயரத்தில் மேஜை மேல் வைத்து வாசிக்கலாம். சுரத்தானம் கண்டுபிடிக்க மெட்டு துணை இல்லாததால் காது நன்றாகப் பழகியிருக்க வேண்டும்; வீணையில் பல வருடம் வாசித்தவர்களுக்கு அது ஏற்கெனவே இருக்கும்.

வேலை கொடுக்கும்போது கவனிக்க: கூலியைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள், தந்தி, மேளம், குதிரை, கீ என்று. மொத்தமாகப் பேசினால் மேளக் கூலி கீக்குள் ஒளிந்துகொள்ளும். கழற்றிய பிருடைகளையும் பழைய குதிரையையும் திருப்பிக் கேட்டு வாங்கி, எந்தத் துளைக்கு எது என்று நம்பர் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு தேறியவர்களும் உண்டு, வீணையை விற்பவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் அந்தப் பொட்டலம் தேவைப்படும்.